அம்பலகாரர் செய்த மூன்று தர்மங்கள்

தீயணைப்பு ஒத்திகையின் செலவுத் திட்டத்தில் கடைசி வெட்டு குடிசைக்கு விழுந்தது. ஒத்திகையன்று ஊர்ப் பொட்டலில் ஒரு குடிசையைக் கட்டிக் கொளுத்த வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து வரும் குண்டுவீச்சுப் பாதுகாப்பு ஏ.ஆர்.பி. ஆபீசர் பார்த்திருக்க, ஊரார் பம்பு அடித்து அதை அணைத்துக் காட்ட வேண்டும். மூங்கில், கீற்று, கூலி எல்லாம் சேர்த்துப் பதினெட்டு ரூபாய் ஆகும் என்று கூட்டத்தில் வாசித்தார்கள். உடனே இருளாண்டி துண்டை உதறிக்கொண்டு எழுந்தான். காசு கொடுத்துக் கட்டிக் கொளுத்துவது எந்த ஊர்ப் புத்தி என்று கேட்டான். கொளுத்துவதற்கென்றே கீழத்தெருவில் ஒரு திருடன் வீடு இருக்கிறது, அதில் தீயை வைத்தால் செலவும் மிச்சம், ஊர் வயிற்றெரிச்சலும் தீரும் என்றான்.

கூட்டம் சிரித்தது. சிரித்ததோடு விட்டதா, கையும் தட்டியது.

மூக்கனுக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வருஷம் நாடக மேடையில் பபூன் வேஷம் கட்டி ஊரைச் சிரிக்க வைத்தவன் அவன். இப்போது துப்பறியும் நாச்சியப்பனிடம் கையாளாக இருக்கிறான். நாச்சியப்பன் ரங்கூனில் வட்டிக்கடை நடத்தியவர். கடனை வாங்கிக்கொண்டு ஓடியவர்களைத் தேடித் தேடியே துப்பறியக் கற்றவர். சப்பான்காரன் குண்டு போட்டதும் கடையைப் போட்டுவிட்டுக் கால்நடையாக ஊர் வந்து சேர்ந்தார். கடை போனாலும் மூக்கில் மோப்பம் போகவில்லை.

"கணக்குல புலிங்க முதலாளி இந்த ஊரு" என்று மூக்கன் அவர் காதருகே சொன்னான். "அடுத்து பம்புச் செலவை மிச்சம் புடிக்க, எல்லாரும் சேந்து எச்சியைத் துப்பி அணைப்பாங்க."

"மெதுவாப் பேசு. அந்தம்மா அங்கிட்டு நிக்கிது" என்றார் நாச்சியப்பன்.

கூட்டத்துக்கு வெளியே, பெண்கள் நிற்கும் எல்லையில் முனியாயி நின்றுகொண்டிருந்தாள். கொளுத்தப் போவது அவள் வீட்டை.

குளத்தூருக்கும் கொடும்பாளூருக்கும் நடுவே இருக்கும் ஒத்தப்புளிவயலுக்கு இந்த ஒத்திகை சும்மா வரவில்லை. போன கோடையில் கீழத்தெரு பற்றிக்கொண்டு மூன்று பிள்ளைகள் கருகிப்போயின. பம்பு விலையில் பாதியை ஊர் போட்டால் மீதியைச் சமஸ்தானம் போடும், ஒத்திகையும் நடத்திக் கொடுக்கும் என்று உத்தரவாயிற்று. பணம் எங்கே இருக்கிறது? முனியாயியின் புருஷன் வீரய்யாதான் கிளப்பினான். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டான், கண்மாய் மீனை ஏலம் விட்டான், புளியமரத்து மகசூலைக் குத்தகைக்கு விட்டான், சண்டைக்காரர்களிடம் அபராதம் பிடுங்கினான். ஈயாதவன் கையிலிருந்தும் வாங்கினான் என்று ஊரே மெச்சியது. அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் பொழுது சாய, பணப்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே போனவன் திரும்பவில்லை.

பணத்தோடு ஓடிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. முனியாயியின் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள், கூரைக் கீற்றைப் பிய்த்து எறிந்தார்கள், பொதுவழியில் தண்ணீர்க் குடத்தோடு போகக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். மறுபடி வசூலித்துத்தான் இந்த ஒத்திகை. அவள் கரியில் ஓடும் கரிவண்டி பஸ்ஸுக்குக் காசில்லாமல் புதுக்கோட்டைக்கு நடந்தே வந்து நாச்சியப்பன் வாசலில் உட்கார்ந்தாள். அவரைக் கண்டுபிடியுங்கள், எங்கே இருந்தாலும் நல்லா இருக்கிறாரா என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள்.

கூட்டம் கலைந்ததும் நாச்சியப்பன் மூக்கனை ஊருக்குள் அனுப்பினார். நாளை மறுநாள் ஒத்திகை. அதற்குள் வீரய்யா திருடன் இல்லை என்று காட்டாவிட்டால் அந்த வீடு சாம்பல்.

"எவன் மேல சந்தேகம்னு கேக்கவாங்க?" என்றான் மூக்கன்.

"கேக்காதே. கேட்டா ஆளாளுக்கு எதிராளி பேரைச் சொல்லுவான். வழக்கமில்லாம நல்லது செஞ்சவன் எவன்னு கேளு."

மூக்கன் டீக்கடை, களத்துமேடு, கொல்லன் பட்டறை என்று சுற்றினான். கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பேர் வந்து விழுந்தது. அம்பலகாரர் அய்யாக்கண்ணு. ஊருக்குத் தலைவர். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். அப்பேர்ப்பட்டவர் ஒரே வாரத்தில் இரண்டு தர்மம் செய்திருந்தார். முதலாவது, கீழத்தெருப் பொதுக்கிணற்றைத் தன் சொந்தச் செலவில், நாலு வண்டி கல்லும் மண்ணும் போட்டுத் தூர்த்தார். கைப்பிடிச் சுவர் இடிந்து கிடக்கிறது, பிள்ளைகள் விழுந்து தொலைக்கும், ஊர்ப் பாதுகாப்பு முக்கியம் என்றாராம். இரண்டாவது, திருவிழாவில் முதல் மரியாதையை இருளாண்டிக்கு விட்டுக்கொடுத்தார்.

இரண்டாவதைக் கேட்டதும் மூக்கன் வாய் பிளந்தான். அம்மனுக்குச் சாத்திய துணியைத் தலையில் பரிவட்டமாகக் கட்டி, முதல் திருநீறு கொடுக்கும் மரியாதை அது. அதற்காக அய்யாக்கண்ணுவின் அப்பனும் இருளாண்டியின் அப்பனும் மண்டையை உடைத்துக்கொண்டு கோர்ட்டு ஏறினவர்கள். பெண்டாட்டியைக் கேட்டாலும் யோசிப்பான், பரிவட்டத்தை எவன் கொடுப்பான்? பூசாரியைப் போய்க் கேட்டான். அம்பலகாரருக்குக் காலில் புண், ரத்தம் கசிகிற உடம்போடு அம்மன் முன்னால் நிற்கக் கூடாதென்று ஒதுங்கிவிட்டார், பெரிய மனசு என்றார் பூசாரி. சொல்லும்போது மூக்கன் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் ஏதோ சொல்ல வந்து விழுங்கினார்.

இருவரும் அம்பலகாரர் வீட்டுக்குப் போனார்கள். வெற்றிலைத் தட்டு வந்தது, மோர் வந்தது. அம்பலகாரர் குறையில்லாமல் பேசினார். வீரய்யா தனக்குச் சித்தப்பா மகன்தான், ஆனாலும் ஊர்ப் பணத்தைத் தின்றவனுக்குப் பரிந்து பேச முடியாது என்றார். விடைபெறும் நேரத்தில் மூக்கன் யாரும் எதிர்பாராமல் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தான். தர்மதுரை, மகராசன் என்று மேடைக் குரலில் அரற்றி, இரண்டு காலையும் முழங்கால் வரை தடவித் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அம்பலகாரருக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் நாச்சியப்பன், தெருவுக்கு வந்ததும்.

"வாழைத்தண்டு மாதிரி இருக்குங்க. புண்ணு ஆறிருந்தாலும் ஒரு தழும்பு வேணாமா? கொசு கடிச்ச தடம்கூட இல்ல."

"அப்ப ஒதுங்கினதுக்குக் காரணம் வேற."

அந்தக் காரணத்தைப் பார்க்க நாச்சியப்பன் ஒரு வழி செய்தார். மறுநாள் காலை கரிவண்டியில் பம்பு வந்து இறங்கியது. அம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத் தொடலாமே என்று ஊராரிடம் எடுத்துக் கொடுத்தார். யார் மாட்டேன் என்பார்கள்? எல்லாரும் கோயிலுக்குள் போனார்கள். அம்பலகாரர் மட்டும் வாசல் சூலத்தருகிலேயே நின்றுவிட்டார். உள்ளே போங்கள், நான் பம்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பூசாரி திருநீற்றுத் தட்டை வெளியே எடுத்துக்கொண்டு வந்தார். கையெல்லாம் சுண்ணாம்பு, அந்தத் தூணில் வையுங்கள் என்றார் அம்பலகாரர். தூணில் வைத்த திருநீறு காற்றில் போயிற்று.

வேப்பமரத்தடியில் நின்று இதைப் பார்த்த நாச்சியப்பன் மெல்லக் கேட்டார்.

"மூக்கா, கோயிலுக்குள்ள போகக் கூடாத ஆம்பளை யாரு?"

"சாவு விழுந்த வீட்டுக்காரங்க. தீட்டு இருக்குல்ல."

"அம்பலகாரர் வீட்டுல யாரு செத்தா?"

"யாரும் சாகலைங்க. அவங்க ஆத்தா கிழவி கூட நேத்து மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்துச்சு."

"வீட்டுல இல்லைன்னா?"

மூக்கன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். வீட்டில் இல்லையென்றால் பங்காளி வீட்டில். பங்காளி செத்தாலும் தீட்டுத்தான். கருமாதி முடிகிற வரைக்கும் தீராது, ஊருக்குத் தெரியாத சாவுக்குக் கருமாதி ஏது? சித்தப்பா மகனைவிட நெருங்கின பங்காளி யார்? 

"மத்த பங்காளிங்க எல்லாம் திருவிழாவுல பால்குடம் எடுத்தாங்களே முதலாளி."

"அவங்களுக்குத் தெரியாது, எடுத்தாங்க. இவருக்குத் தெரியும்."

"யாருக்கும் தெரியாத சாவு. உள்ள போயிருந்தா எவன் கேக்கப் போறான்?"

"ஊரு கேக்காது. கோயில்ல இருக்குற ஆத்தா கேப்பாளே. ரங்கூன்ல ஒருத்தன் கோர்ட்டுல கூசாம பொய்ச் சத்தியம் பண்ணினான். குலசாமி பேரைச் சொல்லிப் பண்ணுடான்னேன். சாயங்காலம் வட்டியோட கொண்டாந்து வச்சான். மனுசனை ஏமாத்துறவனெல்லாம் சாமியை ஏமாத்தத் துணிய மாட்டான்."

கொலை செய்யக் கூசாத கை, திருநீறு வாங்கக் கூசியது. மூக்கனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோமே என்று கையை வேட்டியில் துடைத்தான். ஒருத்தன் செத்தது தெரிந்தும், அவன் பெண்டாட்டியைத் திருடன் பெண்டாட்டி என்று ஊர் காறித் துப்பும்போது தலைமை வகித்து உட்கார்ந்திருந்தவன் எப்படிப்பட்டவன்!

ஆனால் செத்தவன் எங்கே? அதற்கு முதல் தர்மம் பதில் சொல்லிற்று. தீயை அணைக்கப் போகிற ஊரில், எரிந்த தெருவிலேயே இருந்த ஒரே கிணற்றை எந்த அறிவுள்ளவன் தூர்ப்பான்? கிணற்றைத் தோண்டு என்று அந்நியன் சொன்னால் இந்த ஊர் கேட்காது. அவர்கள் கையாலேயே தோண்ட வைக்க வேண்டும். நாச்சியப்பன் ஊரைக் கூட்டினார். ஒத்திகை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கிணறு இல்லாவிட்டால் ஆபீசர் கையெழுத்துப் போட மாட்டார், பம்பும் சமஸ்தானத்துப் பாதிப் பணமும் வந்த வழியே போய்விடும் என்று ஒரு போடு போட்டார். வடிகட்டின பொய். ஆனால் பணம் போகிறது என்றதும் ஊர் துள்ளி எழுந்தது. தூர்த்த கிணற்றை இன்றைக்கே திறந்துவிடுவோம் என்று நாலுபேர் மண்வெட்டிக்கு ஓடினார்கள்.

அம்பலகாரர் எழுந்து கையமர்த்தினார். தூர்த்த கிணற்றைத் தோண்டுவது ஊருக்கு ஆகாது, தன் செலவிலேயே வேறு இடத்தில் புதுக்கிணறு வெட்டித் தருகிறேன் என்றார். எவ்வளவு ஆனாலும் சரி என்றார். 

மூக்கன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். "கருமி ஒரு தர்மம் பண்ணினா புண்ணியம். ரெண்டு பண்ணினா ஆச்சரியம். மூணாவதும் பண்ணினா போலீசுக்குச் சொல்லி விடணும்."

யாரும் சிரிக்கவில்லை. இருளாண்டிதான் முதலில் மண்வெட்டியைத் தூக்கினான். பரிவட்டம் கட்டிய நாளிலிருந்து அவனுக்குள்ளும் ஏதோ உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

கல்லை எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. உச்சி சாய்ந்த பிறகு உள்ளே இறங்கியவன் குரல் கொடுத்தான். மேலே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என்ன கிடக்கிறது என்று அவன் சொன்னான். இடுப்பில் பை இருக்கிறதா பார் என்று மேலேயிருந்து ஒருவன் கேட்டான். ஊரின் முதல் கேள்வி அதுதான். இருக்கிறது என்றான் உள்ளே இருந்தவன். பையை அறுத்து முதல் கூடையில் வைத்து அனுப்பினார்கள். ஆள் அப்புறம்தான் வந்தான்.

பை கட்டு அவிழாமல் இருந்தது. ரூபாய் அத்தனையும் அப்படியே கிடந்தது. பணம் கெடச்சிருச்சு என்று ஒரு சத்தம் கிளம்பி, கீழத்தெரு முழுக்க ஓடியது. இரண்டு பேர் சந்தோஷத்தில் தோளைத் தட்டிக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்தில் முனியாயி நிற்பது அப்புறம்தான் அவர்கள் கண்ணில் பட்டது. அந்தப் பையை அவள்தான் பழைய சேலைக் கிழிசலில் தைத்துக் கொடுத்திருந்தாள்.

மூக்கன் குழம்பிப் போனான். பணத்துக்காக இல்லையென்றால் எதற்காக? அம்பலகாரர் தோண்டிப் போட்ட மண்ணின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஓடவில்லை, மறுக்கவும் இல்லை. "பணத்தை நான் தொடலை. ஊருப் பணத்துல ஒரு காசு தொடலை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அதில் ஒரு கௌரவம் வேறு.

அப்போதுதான் பூசாரி வாய் திறந்தார். இந்தப் பம்புப் பணத்தைப் பாடுபட்டுச் சேர்த்ததற்காக இந்த வருஷம் முதல் மரியாதையை வீரய்யாவுக்குக் கொடுக்கலாமா என்று பெரியவர்கள் சிலர் பேசி, பூசாரியைத்தான் அம்பலகாரரிடம் அனுப்பினார்கள். கேட்டுவிட்டு வந்த மறுநாளே வீரய்யா காணோம், திருடன் என்று பேராயிற்று. திருடனுக்குப் பரிவட்டம் கட்டச் சொன்னவன் என்று தன்னையும் சிரிப்பார்களே என்று பூசாரி மூடிக்கொண்டார். ஒரு வெட்கத்துக்காக ஒரு மாசம் பேசாமல் இருந்த மனுஷன் இப்போது தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

பரிவட்டம் கைமாறக் கூடாதென்று தம்பியைக் கிணற்றில் தள்ளினார் அய்யாக்கண்ணு. தள்ளின நிமிஷத்தில் பங்காளித் தீட்டு வந்து ஒட்டிக்கொண்டது. தம்பி தலையில் ஒரு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கக்கூடிய பரிவட்டத்தை, ஜென்ம எதிரி தலையில் தன் வாயாலேயே கட்டச் சொல்ல வேண்டியதாயிற்று.

"உள்ள இருந்து கூப்பிட்டானா?" என்று நாச்சியப்பன் கேட்டார்.

அம்பலகாரர் ஒரு பிடி மண்ணை அள்ளிக் கீழே விட்டார். "அண்ணேன்னு கூப்பிட்டான்" என்றார். "விடியக் கல்லு வண்டி வந்தப்ப சத்தம் இல்லை."

சத்தம் இல்லாமல் இருந்ததா, இவர் காதை மூடிக்கொண்டாரா, அதை யார் கண்டது? குளத்தூர்ப் போலீஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. போகும்போது ஒருவரும் கல் எறியவில்லை. அம்பலகாரர் என்ற பழக்கத்தில் இரண்டு பேர் துண்டைக் கூட இடுப்பில் இறக்கிக் கட்டினார்கள்.

முனியாயி அழவில்லை. மூக்கன் பக்கத்தில் போய் நின்றான்.  கூரையைப் பிய்த்த பிறகு, பிய்ந்த வீட்டுக்குள் பாம்பு வருகிறது என்று, தூர்த்த கிணற்று மேட்டில்தான் அவள் தினமும் பாயை விரித்துப் படுத்தாளாம். அதைச் சாதாரணமாகச் சொன்னாள்.

"ஓடிப் போயிருக்கணும்னுதான் அம்மனுக்கு விளக்குப் போட்டேன் தம்பி" என்றாள். "திருடனா எங்கிட்டாவது இருந்திருக்கலாம்ல."

மூக்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்தோம் என்று காலையில் மார்தட்டிக்கொள்ள நினைத்தவன். அவளுக்கு வேண்டியிருந்தது வீடே இல்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் ஊர் அவசரம் அவசரமாக நல்லதாகிவிட்டது. ஆடு திரும்பி வந்தது, கூடவே ஒரு குட்டியும் வந்தது. இருளாண்டி அவள் காலைத் தொடக் குனிந்தான், அவள் காலை இழுத்துக்கொண்டாள். ஊர்ப் பணத்தில் உன் வீட்டுக்குப் புதுக்கீற்று வேய்ந்து தருகிறோம் ஆத்தா என்றார்கள். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார்கள். ஆபீசர் விடிந்தால் வருகிறார், சர்க்கார் தேதியை மாற்ற முடியாது. கொளுத்த வேறு குடிசை இல்லை. அதற்கான செலவை ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது, பொழுதும் இல்லை. சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாச்சியப்பன் கோபத்தோடு எழுந்தார். முனியாயி அவரைத் தடுத்தாள்.

"என் வீட்டையே கொளுத்துங்க. நானே வைக்கிறேன். அணைக்க மட்டும் ஒருத்தரும் வரக் கூடாது."

மறுநாள் ஆபீசர் வந்தார். காக்கிச் சட்டையும் ஊதலுமாக நின்று, இளைஞர்களை வரிசையில் நிறுத்தினார். முனியாயி கொள்ளியைக் கொண்டுவந்து கூரை இறவாணத்தில் சொருகினாள். பிய்த்தது போக மிஞ்சியிருந்த காய்ந்த கீற்று குப்பென்று பிடித்தது. ஆபீசர் ஊதலை ஊதினார். பம்புக் கைப்பிடியில் நின்ற இருளாண்டி அவள் முகத்தைப் பார்த்தான், கையை எடுத்துவிட்டான். ஆபீசர் மறுபடி ஊதினார், கத்தினார், இங்கிலீஷில் வைதார். வாளியோடு நின்றவர்கள் வாளியைக் கீழே வைத்தார்கள். கூரை மோடு விழுந்தது, சுவர் விரிந்தது, கடைசிக் கம்பும் எரிந்து முடிகிற வரை ஊரே கைகட்டி நின்று பார்த்தது.

இந்த ஊருக்குப் பம்பு கொடுக்க முடியாது என்று ஆபீசர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பம்பைத் தூக்கிப் பஸ்ஸின் பின்பக்கம் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். கொடுத்துவிட்டுப் போங்கள், கோடை வருகிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஒரு பெண் கும்பிட்டுக்கொண்டு பஸ்ஸோடு கொஞ்ச தூரம் ஓடிவந்தாள். போன வருஷத் தீயில் மகனைக் கொடுத்தவள் அவள். டிரைவர் நிறுத்தவில்லை.